அமெரிக்க ரயிலும் 79 மைல் கணக்கும்

அமெரிக்காவில் பயணிகள் ரயில்கள் பல தடங்களில் மணிக்கு 79 மைலைத் தாண்டுவதில்லை. 80 என்று முழுசாக வைத்தால் என்ன?

தண்டவாளத்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஃபெடரல் ரயில்வே நிர்வாகம் பாதைகளை 1 முதல் 9 வரை வகுத்திருக்கிறது. முதல் வகுப்பு என்றதும் மயங்கிவிடாதீர்கள், அதுதான் கடைநிலை: சரக்கு ரயிலுக்கு 10 மைல், பயணிகள் ரயிலுக்கு 15. நான்காம் வகுப்பில் 60, 80. முதல் வகுப்பு நேர்ப்பாதையில் 39 அடிக்கு 5 நல்ல ஸ்லீப்பர் கட்டைகள் இருந்தால் போதும். நான்காம் வகுப்பில் 12 வேண்டும். இரு தண்டவாளங்களின் இடைவெளி 56.5 அங்குலம் இருக்க வேண்டும். முதல் வகுப்பில் அது 58 வரை விரியலாம், நான்காவதில் 57.5 தான்.

எனக்குப் பிடித்த விதி வேறு. வகுப்பை ரயில்வே நிறுவனமே தேர்ந்துகொள்கிறது. ஆய்வில் பாதை அந்தத் தரத்துக்குத் தேறவில்லையா? பழுது பாருங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். பராமரிக்கப் பணமில்லாத கிளைப் பாதைகள் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருப்பது இதனால்தான். சட்டப்படி அதில் தவறே இல்லை!

சரி, அந்த ஒரு மைல் எங்கே போனது? 1946 ஏப்ரலில் இல்லினாய் மாநிலம் நேப்பர்வில்லில், நின்றிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் வேகமாக மோதி 45 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே உத்தரவு வந்தது: 80 மைலோ அதற்கு மேலோ போக வேண்டுமானால் ஓட்டுநர் அறைக்குள் சிக்னல் அல்லது தானாக நிறுத்தும் கருவி வேண்டும். செலவுக்கு அஞ்சிய நிறுவனங்கள் பல, 79இலேயே நின்றுகொண்டன.