பிக்கப் வண்டியில் சிபி ரேடியோ: முதலில் கிரவுண்ட், பிறகுதான் டியூனிங்

டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு வேலை நிமித்தம் அடிக்கடி காரில் போக வேண்டியவன் நான். வயோமிங் மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலைதான் வழி. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே எல்க் மலையை ஒட்டிய பகுதியைக் குளிர்காலத்தில் கடந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். காலியாகப் போகும் லாரியைக் காற்று புரட்டிப் போட்டுவிடும். தரையில் கிடக்கும் பனியைக் கிளப்பி எதிரே இருப்பதை மறைத்துவிடும். சாலையையே மூடிவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் முன்னே என்ன நடக்கிறது என்பதை எதிர்த்திசையில் வரும் லாரி ஓட்டுநர் சிபி ரேடியோவின் (ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தூர ரேடியோ) 19-ஆம் சேனலில் சொல்லிவிடுகிறார். கைபேசியின் வரைபடச் செயலியில் சிவப்புக் கோடு தோன்றும் முன்பே அந்தக் குரல் வந்துவிடுகிறது. அதற்காகத்தான் என் வண்டியில் ரேடியோ வைக்க முடிவு செய்தேன்.

அமெரிக்காவில் சிபி ரேடியோவுக்கு உரிமம் தேவையில்லை. 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை நாற்பது சேனல்கள். 9-ஆம் சேனல் அவசர உதவிக்கு. ஏ.எம். முறையில் அனுப்பும் சக்தி 4 வாட்டைத் தாண்டக் கூடாது. விலை உயர்ந்த ரேடியோவுக்கும் இதே 4 வாட்தான், மலிவான ரேடியோவுக்கும் இதே 4 வாட்தான். ஆகவே குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் ஆன்டெனாவே தீர்மானிக்கிறது. கடைகளில் ரேடியோவின் விளக்குகளையும் பொத்தான்களையும் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் பாதியை ஆன்டெனாவிலும் அதன் இணைப்புகளிலும் போட்டால் பலன் கண்கூடு.

27 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால்பங்கு என்றால் ஆன்டெனா 2.75 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அவ்வளவு நீளக் கம்பியோடு பாலங்களுக்கு அடியில் போவது தொல்லை என்பதால், 1.2 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் தண்டில் செம்புக் கம்பியைச் சுருட்டி மின்சாரக் கணக்கில் நீளத்தைக் கூட்டிய வகையை வாங்கினேன். இந்தக் கால்பங்கு ஆன்டெனா தனியாக வேலை செய்யாது. வண்டியின் உலோக உடல்தான் அதன் மறுபாதி. அந்த உடலோடு கொடுக்கும் இணைப்பைத்தான் கிரவுண்ட் என்கிறார்கள். ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

காந்த அடித்தளம் உள்ள ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் வைப்பதே சுலபமான வழி. கூரை முழுவதும் சுற்றிலும் சமமாகக் கிடைக்கும். பெயின்டைச் சுரண்டவும் வேண்டாம். ஆனால் என் வண்டி ஃபோர்டு எஃப்-150. 2015 மாடலிலிருந்து அதன் உடல் அலுமினியத்தால் ஆனது, காந்தம் ஒட்டாது. அதனால் சரக்குத் தொட்டியின் முன் மூலையில், ஓட்டுநர் அறைக்குப் பின்னால், எஃகுத் தாங்கி ஒன்றைப் பொருத்தி ஆன்டெனாவை நிறுத்தினேன். அதன் மேல்பாதி கூரையைவிட உயரமாக நிற்கிறது. அது அவசியம். தண்டு முழுவதும் கூரைக்குக் கீழே இருந்தால், பக்கத்தில் நிற்கும் உலோகச் சுவர் அதன் சக்தியைக் கெடுத்துவிடும்.

முன்பு லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரைக் கொடுத்தார். ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் கருவி அது. 1.5 என்று காட்டினால் திரும்புவது நூற்றுக்கு 4 பங்கு. அது அருமையான நிலை. 2 என்றால் 11 பங்கு. 3 என்றால் 25 பங்கு. அந்த நிலையில் தொடர்ந்து பேசினால் ரேடியோவின் இறுதிநிலை டிரான்சிஸ்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம்.

முதல் அளவீட்டில் 1-ஆம் சேனலிலும் 3-க்கு மேல், 40-ஆம் சேனலிலும் 3-க்கு மேல். மைக்கைப் பிடித்த கையை மாற்றினாலும் முள் அசைந்தது. கேபிளைத் தொட்டாலும் அசைந்தது. எல்லாச் சேனல்களிலும் ஒரே மாதிரி உயர்ந்து நின்றால் ஆன்டெனாவின் நீளத்தில் கைவைத்துப் பயனில்லை. கிரவுண்டில் கோளாறு, அல்லது எங்கோ ஷார்ட். முள் கைபட்டதும் அசைவது, ஆன்டெனாவுக்கு மறுபாதி கிடைக்காமல் கேபிளின் வெளி உலோக உறையே அந்த வேலையைச் செய்ய முயல்கிறது என்பதற்கு அடையாளம்.

மல்டிமீட்டரை எடுத்தேன். கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளந்தேன். இணைப்பு இல்லை. இந்த வகைத் தண்டுக்கு அதுதான் சரி. (அடியில் சுருள் உள்ள சில ஆன்டெனாக்களில் இங்கே ஷார்ட் காட்டுவதே இயல்பு, வாங்கிய ஆன்டெனாவின் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆன்டெனா உட்காரும் ஸ்டட்டில் ஒரு நைலான் வாஷர் வரும். நடுக்கம்பி தாங்கியைத் தொடாமல் காப்பது அதுதான். அதை இடம் மாற்றிப் போட்டால் முழு ஷார்ட். அது சரியாகவே இருந்தது.

அடுத்து, கேபிளின் வெளி உலோகத்துக்கும் தொட்டிக்கும் இடையே. எண் ஓர் இடத்தில் நிற்காமல் தாவியது. தாங்கியின் மேல் பூசப்பட்ட கறுப்புப் பவுடர் பூச்சும், தொட்டியின் பெயின்டும் முழுக் காப்பாக நின்றன. போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் தொடர்பு.

தாங்கியைக் கழற்றி, அதன் அடிப்பரப்பில் பூச்சை உப்புத்தாளால் எஃகு பளிச்சிடும் வரை தேய்த்தேன். தொட்டியில் போல்ட் அமரும் இடத்தைச் சுற்றி, ஒரு நாணய அகலத்துக்கு மட்டும் பெயின்டை எடுத்தேன். முதலில் கறுப்பு வண்ணம், அடுத்து சாம்பல் நிறப் பூச்சு, அதற்குக் கீழே அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. இங்கே சுணங்கக் கூடாது. சுரண்டிய அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட உடனேயே ஆக்சைடு படியத் தொடங்கும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மின்பணியாளர்கள் அலுமினியக் கம்பிகளுக்குப் பயன்படுத்தும் துருத் தடுப்புப் பசையைத் தேய்த்த கையோடு பூசி, பல் வைத்த நட்சத்திர வாஷரைப் போட்டு முடுக்கினேன். வெளியே தெரிந்த வெற்று உலோகத்தை வண்டியின் நிறப் பெயின்டால் மூடினேன்.

மல்டிமீட்டர் இப்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்சாரத்துக்கான தடையை. 27 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கம்பியே 150 ஓமுக்கும் மேலான தடையாக நிற்கும். நாம் பொருத்த முயலும் கேபிளோ 50 ஓம். ஆகவே எங்கோ இருக்கும் போல்ட் வரை நீளமாக ஒரு பச்சைக் கம்பியை இழுத்துவிட்டு, கிரவுண்ட் கொடுத்தாயிற்று என்று சொல்வது ரேடியோ அலையைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காததற்குச் சமம். வேண்டியது அகலமான, குட்டையான பின்னல் பட்டை. உயர் அதிர்வெண் மின்சாரம் கடத்தியின் மேற்பரப்பில்தான் ஓடுகிறது. பரப்பு அகலமானால் தடை குறையும்.

ஈயம் பூசிய செம்புப் பின்னல் பட்டைகளை வாங்கி, தொட்டியிலிருந்து சேசிஸுக்கும், தொட்டியிலிருந்து ஓட்டுநர் அறைக்கும், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இணைத்தேன். வெறும் செம்பு வேண்டவே வேண்டாம். கொலராடோவில் பனி உருகுவதற்காகச் சாலையில் மக்னீசியம் குளோரைடு கரைசலைத் தெளிக்கிறார்கள். அந்த உப்பு நீர் பட்டால், செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். ஆன்டெனாவைக் கதவிலோ பானெட்டிலோ பொருத்துகிறவர்களுக்கும் இந்தப் பட்டை தேவை. கிரீஸ் தடவிய கீல்களை நம்பிக் கிரவுண்ட் கிடைக்காது.

கேபிள் சரியாக 18 அடி இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. கிரவுண்டும் பொருத்தமும் சரியாக இருந்தால் கேபிளின் நீளம் எஸ்.டபிள்யூ.ஆர் அளவைப் பெரிதாக மாற்றாது என்பதே என் கருத்து. நீளத்தை மாற்றினால் முள் வெகுவாக நகர்கிறதா? மறுபடியும் கிரவுண்டைப் பாருங்கள். ஆன்டெனாவோடு வந்தது 18 அடிக் கேபிள் என்பதால் அதையே போட்டேன். மிச்சத்தை இறுக்கிச் சுருட்டாமல், இருக்கைக்குப் பின்னால் நீள எட்டு வடிவில் தளர்வாக மடித்து வைத்தேன்.

இப்போது டியூனிங், அதாவது ஆன்டெனாவின் நீளத்தைச் சேனல்களுக்கு ஏற்பச் சரிசெய்வது. கட்டடமும் மரமும் மின்கம்பமும் இல்லாத காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கதவுகளும் பானெட்டும் மூடியிருக்க வேண்டும்; ஆன்டெனாவின் அருகே ஆள் நிற்கக் கூடாது. மீட்டரை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவே குட்டைக் கேபிளால் இணைத்து, சேனலில் யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மைக்கை அழுத்தி முள்ளைக் குறிக்குக் கொண்டுவந்து, விசையைத் திரும்பும் அலைக்கு மாற்றிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் போதும். சேனல் மாறும்போதெல்லாம் முள்ளை மறுபடி குறிக்குக் கொண்டுவருவது முக்கியம்.

1-ஆம் சேனலில் 1.4, 20-இல் 1.9, 40-இல் 2.6. கிரவுண்ட் கொடுத்த பிறகு வந்த எண்கள் இவை; ஆன்டெனாவின் தண்டை இன்னும் தொடவே இல்லை. மேலே போகப் போக அளவு ஏறினால் ஆன்டெனா நீளம் அதிகம். கீழ்ச் சேனல்களில் ஏறினால் நீளம் போதாது. தண்டின் உச்சியில் ரப்பர் மூடிக்குள் ஒரு டியூனிங் திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் உள்ளே இறக்கி, பூட்டு நட்டை இறுக்கி, மூடியைத் திரும்பப் போட்டு அளந்தேன். மூடி இல்லாமல் அளந்தால் எண் வேறாகிவிடும். குட்டை ஆன்டெனாவில் சில மில்லிமீட்டரே பெரிய மாற்றம் தரும் என்பதால் அரைச்சுற்று அரைச்சுற்றாகத்தான் போனேன். முடிவில் இரு ஓரங்களிலும் 1.6, நடுவில் 1.3. நடுவில் மிகக் குறைந்து, ஓரங்கள் இரண்டும் சமமாக நின்றால் போதும். அதற்கு மேல் 1.1-ஐத் துரத்துவதில் காதுக்குத் தெரியும் பலன் எதுவும் கிடையாது.

மீட்டரில் எண் குறைவாக இருப்பதாலேயே ஆன்டெனா நன்றாக வேலை செய்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. 50 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினால் மீட்டர் அழகாக 1 என்று காட்டும்; குரல் மட்டும் வெளியே போகாது. கிரவுண்டைச் சரிசெய்யாமல் உச்சித் திருகை மட்டும் திருகி எண்ணை இறக்கிவிட்டு, ஒரு மைலுக்கு அப்பால் கேட்கவில்லை என்று வருந்துகிறவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

மின்சாரத்துக்கு, சிவப்புக் கம்பியை ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து எடுத்தேன். கறுப்புக் கம்பியை பேட்டரி முனையில் கொடுக்காமல் சேசிஸில் கொடுத்தேன். இப்போதைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் எதிர்மின் முனையில் மின்சாரத்தை அளக்கும் உணரி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. பட்டைகளைப் போட்ட பிறகு ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்த கீச்சொலியும் கணிசமாகக் குறைந்தது.

லாரமியைத் தாண்டியதும் சோதனைக் குரல் கொடுத்தேன். நாலைந்து மைல் முன்னே போய்க்கொண்டிருந்த ஒரு லாரி ஓட்டுநர் தெளிவாகக் கேட்கிறது என்று பதில் சொல்லி, ஆர்லிங்டன் பக்கம் பக்கவாட்டுக் காற்று மோசம், வேகத்தைக் குறை என்று சேர்த்துச் சொன்னார். சூரியக் கரும்புள்ளிகள் மிகும் காலங்களில் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் குரல்கள் சேனலை நிறைத்துவிடுவது உண்டு. அப்போது, பலவீனமான ஒலிகளை அடக்கும் ஸ்கெல்ச் குமிழை ஏற்றிவைத்தால் பெரும்பாலும் அருகில் இருப்பவர்களின் குரல் மட்டும் கேட்கும்.

குளிர்காலம் முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துப் பட்டைகளைப் பார்க்கிறேன். இணைப்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கழற்றித் தேய்த்துப் பசை போட்டு முடுக்குகிறேன், பிறகு 1, 20, 40 ஆகிய மூன்று சேனல்களையும் அளந்து, ரேடியோவின் அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ள பழைய எண்களோடு ஒப்பிடுகிறேன்.