எல்லாச் சொல்லும் தெரியும், வாக்கியம் மட்டும் புரியவில்லை

ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த நாட்களில் ஒரு வாக்கியம் பிடிபடவில்லை என்றால் முதலில் அகராதியைத்தான் எடுப்பேன். சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிட்டால் வாக்கியமும் புரிந்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை ஒரே வரி கலைத்துவிட்டது: "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்."

தாமஸ் பீவர் என்ற மொழி உளவியலாளர் 1970இல் எடுத்துக்காட்டிய வரி இது. பார்ன் என்றால் தானியக் கொட்டகை. மற்றதெல்லாம் தெரிந்த சொற்கள். குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடியது என்று படித்து முடித்தால், கடைசியில் ஒரு 'ஃபெல்' மிச்சமாக நிற்கிறது. விழுந்தது எது? கொட்டகையா?

'ஹார்ஸ்' என்பதை அடுத்து 'தட் வாஸ்' என்ற இரண்டு சொற்களைச் செருகிப் படித்துப் பாருங்கள். கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது. அவ்வளவுதான். ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், அதனால் மனம் தளர வேண்டாம்.

நமக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் 'ஓட்டப்பட்ட' என்றாலே பெயரெச்சம், அடுத்து ஒரு பெயர் வரப்போகிறது என்று காது சொல்லிவிடும். முற்றுவினை பெரும்பாலும் கடைசியில் வந்துவிடும். ஆங்கிலத்தில் அடைமொழித் தொடர் பெயருக்குப் பின்னால் தொங்குகிறது. 'ரேஸ்ட்' என்ற ஒரே உருவம் முற்றாகவும் வரும், எச்சமாகவும் வரும். அதனால் நீண்ட வாக்கியத்தைப் பார்த்ததும் பென்சிலால் வினை போலத் தெரிவதையெல்லாம் அடிக்கோடிடத் தொடங்கினேன். அவற்றில் முதன்மை வாக்கியத்தின் முற்று எது, அதைச் செய்தது யார் என்று கண்டுபிடித்த பிறகே அகராதி. 'ஹூ', 'விச்', 'தட்' என்று தொடங்கும் துண்டுகளை முதல் வாசிப்பில் அடைப்புக்குள் போட்டுவிடுவேன். நான்கு வரி வாக்கியம்கூட ஐந்தாறு சொல்லுக்குச் சுருங்கிவிடும்.

அப்புறம் சின்னச் சொற்கள். 'எ ஃபியூ' என்றால் சிலர். 'எ' இல்லாமல் வெறும் 'ஃபியூ' என்றால் மிகச் சிலரே, ஏறக்குறைய யாருமில்லை என்ற தொனி. 'ஹார்ட்லி' வந்தாலும் எதிர்மறைதான்.

என்னை அதிகம் ஏமாற்றியது "யூ கேனாட் பி டூ கேர்ஃபுல்" என்ற வரி. பயிற்சித் தேர்வில் 'அதிகக் கவனம் கூடாது' என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அது மிகையாகாது என்பதே பொருள். அந்தப் பத்தி முழுக்க ஆபத்தைப் பற்றித்தான் எச்சரித்துக்கொண்டிருந்தது; என் பொருளை அங்கே வைத்து ஒருமுறை படித்திருந்தால் பொருந்தவில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். இப்போது எந்த வாக்கியத்துக்கும் என் பொருளைத் தமிழில் ஒரு வரி எழுதி, முன்வரியோடும் பின்வரியோடும் சேர்த்துப் படிக்காமல் விடுவதில்லை.

அதற்கும் மசியாத வாக்கியத்தை யாரிடமாவது கேளுங்கள். ஆனால் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்காதீர்கள், மொழிபெயர்ப்பு கிடைக்கும், தடுமாறிய இடம் அப்படியே இருக்கும். "இந்த 'ஃபெல்' யாருடைய வினை?" என்று கேளுங்கள். எந்த இடத்தில் சிக்கியிருக்கிறீர்கள் என்று அவருக்கும் உடனே தெரிந்துவிடும்.