தொலைந்ததா, திருடு போனதா?

கோலாலம்பூரில் புடு பக்கம் ஒரு மண்டபத்தில், வீடில்லாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சேவை முகாம் நடந்தது. முடிவெட்ட ஒரு மூலை, மருத்துவர்களுக்கு ஒரு மூலை, சாப்பாடு வாசலில். ஐசி என்ற அடையாள அட்டை கொடுக்கும் பதிவு இலாகா மேசைக்கு ஆள் கூட்டிப்போகும் வேலை எனக்கு. மலாய் சரளமாக வரும், அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் வந்தவர் ஓர் ஐயா. இரண்டு வருடமாக ஐசி இல்லை. அது இல்லாமல் பேங்க் கணக்கு திறக்க முடியாது, நல உதவிக்கு மனுப் போடுவதும் கஷ்டம்.

“ஒரு கவுண்டர்ல போய் தொலைச்சிட்டேன்னு சொன்னேன் தம்பி. தண்டம் கட்டச் சொன்னாங்க. வந்துட்டேன்.”

அவருக்கு இது மூன்றாவது தடவை. அப்போது முதல் தடவை தொலைத்தால் 100 ரிங்கிட், அடுத்து 200, அப்புறம் 300. நடைபாதையில் படுப்பவர் முந்நூறு வெள்ளிக்கு எங்கே போவார்?

“எப்படி ஐயா தொலைஞ்சது?”

“தலைக்கு வச்சுப் படுத்த பையை எவனோ உருவிட்டான்.”

அட, அது திருட்டு! போலீஸ் ரிப்போர்ட் இருந்தால் தண்டமே இல்லை. இதை அந்தக் கவுண்டரில் யாரும் கேட்கவில்லை, இவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உடனே ஸ்டேஷனுக்கு நடந்தோம். அங்கே ஐசி எண்ணைக் கேட்டதும் பன்னிரண்டு இலக்கத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். தொடக்கம் 61, அது பிறந்த வருடம்; நடுவில் 08, அது பிறந்த மாநிலம். பேராக்காரர்.

திரும்பி வந்தால் கட்டைவிரல் படுத்தியது. பல வருடம் சிமெண்டு கலக்கிய கை, ரேகை மழுங்கிப்போயிருந்தது. நான்கு முறை கருவி ஏற்கவில்லை. மேசையிலிருந்த மலாய் அம்மா ஈரத் துணியால் துடைத்து, அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். இடதுகைக் கட்டைவிரல் பதிந்தது. திரையில் கறுகறு மீசையோடு பழைய படம் வந்தது.

“யாரு இந்த ஆளு?” என்று ஐயாவே சிரித்தார்.

புதுப் படத்துக்குக் காலர் சட்டை வேண்டுமாம். அவர் போட்டிருந்ததோ ஏதோ தேர்தலில் கொடுத்த டி-சட்டை. என் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றேன்.

படம் எடுத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார். சட்டையைத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை.

எல்ஆர்டி ரயில் நிலைய வாசலில்தான் நினைவு வந்தது, கட்டணம் கட்டும் என் டச் அண்ட் கோ அட்டையும் அதே சட்டைப்பையில்.