முன் சீட்டில் வெல்லம்

2006ஆம் வருடம் என் மகன் எட்டு மாதக் குழந்தை. உடம்பெல்லாம் சிரங்கு. தூங்க மாட்டான். சொறிந்து சொறிந்து ரத்தம் வரும் என்று இரண்டு கையிலும் துணி சுற்றி வைத்திருப்போம். மருந்து ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ராத்திரி அம்மா எழுந்து போய் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். "வைத்தியநாதா, பிள்ளை எடைக்கு வெல்லம் கொண்டு வர்றேன், உப்பு மிளகு போடறேன், காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டாள். மூன்றே வாரத்தில் குழந்தையின் உடம்பு பளிச்சென்று ஆகிவிட்டது.

அப்புறம் 19 வருடம் ஓடிவிட்டது. மாற்றலில் வடக்கே போனோம், திரும்பி வந்தோம், பையனுக்குப் பரீட்சை, கொரோனா, கடைசியில் அம்மாவின் முழங்கால். வருடா வருடம் ஆடி பிறந்தால் அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "வைத்தீஸ்வரன் கோயில் கடன் அப்படியே நிக்குதுடி." அடுத்த வருடம் கட்டாயம் என்பேன்.

போன மாதம் என் பள்ளித் தோழி வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா அழாக்குறையாக இதைச் சொல்லிவிட்டாள். "விடுங்கம்மா, வர்ற செவ்வாய்க்கிழமை இவளை நான் இழுத்துட்டுப் போறேன்" என்றாள் அவள். அவளுடைய கார் பட்டறையில் கிடந்தது. நாமே ஓட்டிக்கொள்கிற வாடகைக் கார் ஒன்றுக்குச் சொல்லி வைத்தாள்.

முதல் சிக்கல் எடையில். "அப்ப இருந்த எடையா, இப்ப இருக்கிற எடையாம்மா? இப்ப அவன் எழுபது கிலோவுக்கு மேல இருப்பான். காரு போதாது, லாரிதான் பிடிக்கணும்" என்றாள் தோழி. அம்மா கொஞ்சமும் சிரிக்கவில்லை. "வேண்டிக்கிட்ட அன்னிக்கு ஏழு கிலோ. அதுதான் கணக்கு." ஏழு கிலோ உருண்டை வெல்லம், புது மூங்கில் கூடை, மேலே வாழையிலை. கூடவே உத்தரவும் வந்தது. சாமிக்குப் போகிற வெல்லத்தைக் கால் படுகிற இடத்தில் வைக்கக்கூடாது, ஸ்டெப்னி கிடக்கிற டிக்கியிலும் வைக்கக்கூடாது.

விடிகாலை நாலு மணிக்குத் தாம்பரத்தில் வண்டியைக் கொண்டு வந்து விடுவதாகச் சொன்னவர்கள் ஆறரைக்குத்தான் விட்டார்கள். வெல்லக் கூடையை முன் சீட்டில் வைத்து நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் கீச் கீச்சென்று ஓர் அலறல். ஏழு கிலோ வெல்லத்தை ஆள் என்று நினைத்து பெல்ட் போடச் சொல்கிறது வண்டி! கூடைக்கு பெல்ட் மாட்டினோம். அடங்கியது. மகன் எட்டு மாதத்தில் இருந்த கனம் என் முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று தோன்ற, அந்த வாழையிலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். "உப்பு இங்க மலையா கிடக்கு, நீ வீட்டுலேருந்து பொட்டலம் கட்டிட்டு வர்றே" என்றாள் வண்டி ஓட்டிய தோழி. அங்கே டீ குடிக்க நிறுத்தியபோதுதான் எனக்குக் கதவு திறக்கவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டுமே உள்ளிருந்து திறக்காது. வாடகைக்காரர்களைக் கூப்பிட்டால் பதிவு செய்த குரல்தான் பேசியது. வேறு வழியில்லாமல் அவள் சுற்றி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டாள்.

டீக்கடைக்காரர் இதைப் பார்த்திருக்கிறார். ஓடி வந்து எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவளுக்கு நின்றபடியே டம்ளரை நீட்டினார். அவளுக்கு ஒரே குஷி. கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், வடை சாப்பிடறீங்களா?" என்றாள். புதுச்சேரியிலும் கடலூரிலும் இதே கூத்துதான். சிரித்துச் சிரித்து எனக்கு விலா எலும்பு வலித்தது.

சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி, சீர்காழி நெருங்கும் நேரத்தில் டயர் பஞ்சர். மணி பதினொன்று. நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் என்ற பதைப்பு எனக்கு. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இல்லை. "இரு, வர்றேன்" என்று அவள் பதற்றத்தில் என்னைத் திறந்துவிடாமலே கடை தேடிப் போய்விட்டாள். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயலிலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். பெரியவர் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, உன்னை யாராச்சும் கடத்திட்டுப் போறாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முன் சீட்டைப் பார்த்தார். "வெல்லம் கரைக்கவா? பிள்ளைக்கா?" என்றார். அவ்வளவுதான். சின்னவர் வரப்பில் ஓடிப் போய் டிராக்டர் ஓட்டுகிற ஒரு தம்பியை ஜாக்கியோடு கூட்டி வந்தார். அவர் பத்து நிமிடத்தில் டயரை மாற்றிவிட்டார். பணம் நீட்டினால் வாங்கவில்லை. "எங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கம்மா" என்றார் அந்தப் பெரியவர். எந்த ஊர், என்ன பெயர் என்று எதையும் கேட்டு வைக்காமல் வந்துவிட்டேன். அந்தக் கோயில் அம்மன் தையல்நாயகிதான் அந்த வயலில் இறங்கி வந்தாள் என்று அம்மா சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோயில் வாசலில் தோழி இறங்கி வந்து எனக்குக் கதவைத் திறந்ததும் நாடி ஜோதிடத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். பெரிய இடத்து அம்மா, டிரைவர் வைத்து வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கட்டைவிரல் ரேகை கொடுத்தால் போதும், ஓலை எடுத்துவிடலாம் என்று ஒருவர். இன்னொருவர் தோழியைத் தனியே தள்ளிக்கொண்டு போய், அம்மாவை அழைத்து வந்தால் தனியாகக் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவள் பட்டென்று, "அம்மா ஓலையை ஏற்கெனவே பார்த்தாச்சுங்க. உங்ககிட்ட வரக்கூடாதுன்னு அதுலேயே எழுதியிருக்கு" என்றாள். அதற்கும் அவர் அசரவில்லை. குளக்கரை வரை கூடவே வந்தார். நோயும் கவலையுமாக வருகிறவர்களை வாசலிலேயே மறித்து இப்படி அலைக்கழிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாலு வாசல் உள்ள கோயிலில் ஒரு வாசலிலாவது மனிதரை நிம்மதியாக உள்ளே விடலாம்.

சித்தாமிர்தக் குளத்தில் படியிறங்கி ஓர் உருண்டை வெல்லத்தைக் கையில் வைத்துத் தண்ணீரில் பிடித்தேன். முதலில் ஓரம் வழுவழுப்பானது, பிறகு விரலிடுக்கில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது, கை லேசாகிக்கொண்டே வந்தது. அந்தச் சின்ன உடம்பில் இருந்த புண் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கரைத்துவிட்டு மீதியைக் கோயிலில் ஒப்படைத்தோம். கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை, அதுவும் செவ்வாய்க் கிரகமான அங்காரகன் தலத்தில் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? தோஷம் கழிக்க வந்த கல்யாண வயதுப் பிள்ளைகள், பெற்றவர்கள், கைக்குழந்தைகள். வரிசை நகரவே இல்லை. நடுவில் ஒருவர் வந்து, ஐநூறு கொடுத்தால் உள்ளே விடுவதாகக் காதில் சொல்லிவிட்டுப் போனார். முதுகில் இடி, காலில் மிதி. எனக்கு முன்னால் ஒரு தாத்தா, கம்பியைப் பிடித்தபடி தனக்குள் பாடிக்கொண்டே நகர்ந்தார். அப்பர் பெருமான் புள்ளிருக்குவேளூருக்கு, அதாவது இதே வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பாடிய தாண்டகம். தீராநோய் தீர்த்தருள வல்லான் என்று வரும். நான் சிறு வயதில் கேட்டதுதான். ஒவ்வொரு பாட்டும் ஒரே இடத்தில் வந்து முடியும்: "போற்றாதே ஆற்றநாள் போக்கினேனே." உன்னைப் போற்றாமல் இத்தனை நாளை வீணாக்கிவிட்டேனே என்று அப்பரே அழுகிறார். தாத்தா அந்த வரிக்கு வரும்போதெல்லாம் குரல் உடைந்தது. 19 வருடம் என்று எனக்குள் ஓடியது. நெஞ்சு அடைத்துக்கொண்டது.

சன்னிதி முன்னால் சில நொடிதான். கேட்க வேண்டியது என்று எவ்வளவோ எடுத்து வைத்திருந்தேன். மகனுக்கு நல்ல வேலை, அம்மாவுக்கு முழங்கால், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. தீபாராதனை ஏறியது. வைத்தியநாதன் அந்த வெளிச்சத்தில் அப்படியே இருந்தார். "வந்துட்டேம்ப்பா" என்ற ஒரு சொல்தான் என் வாயில் வந்தது. நகருங்க நகருங்க என்று பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். என்னால் கையைக் கூப்பினபடியே அழத்தான் முடிந்தது. பக்கத்தில் பார்த்தால் காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிய என் தோழி கண்ணை மூடி நிற்கிறாள், கன்னமெல்லாம் நனைந்திருக்கிறது. என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

தையல்நாயகி, செல்வமுத்துக்குமரன், ஜடாயு குண்டம், வரிசையாக நிற்கும் நவகிரகம் எல்லாம் கும்பிட்டோம். எது முன்னே எது பின்னே என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த வயல்காட்டு அம்மாக்களுக்கும் டிராக்டர் தம்பிக்கும் தையல்நாயகியிடம் தனித்தனியாகச் சொன்னேன். மஞ்சள் முடிச்சைப் பிரிக்காமல் உண்டியலில் போட்டபோது டங்கென்று கனமாக விழுந்தது. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒத்த ரூபாய் இல்லைடி. வருஷத்துக்கு ஒண்ணு சேத்து முடிஞ்சுக்கிட்டே வந்தேன். வைத்தியநாதனுக்கு வட்டி" என்றாள்.

வண்டியிடம் வந்தால், பூ விற்கிற அம்மாவின் பையன் திறந்த பின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவின் விளிம்பில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை நகத்தால் தள்ளி, "இப்ப திறக்கும்க்கா" என்றான். பிள்ளைகள் திறக்காமல் இருக்கப் போடுகிற பூட்டாம். திறந்தது! ஆனால் முன் சீட் காலியாகிவிட்டதால் நான் முன்னால் ஏறிக்கொண்டேன். வண்டி கீச் கீச்சென்றது. "வெல்லமே ஒழுங்கா பெல்ட் போட்டுச்சு, உனக்கென்னடி?" என்றாள்.

ராத்திரி வண்டியைத் திருப்பி விடும்போது முன் சீட்டு முழுக்க எறும்பு. சுத்தம் செய்ய 600 ரூபாய் கேட்டார்கள். ஜாக்கி இல்லாத கதையைச் சொல்லிச் சண்டை போட அவள் தயாராக நின்றாள். அதுவும் வேண்டுதலில் சேர்த்தி என்று சொல்லி நானே கொடுத்தேன்.

அம்மா தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோயில் பிரசாதமான திருச்சாந்துருண்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் கூடையைத் தலைகீழாகத் தட்டி, அடியில் ஒட்டியிருந்த வெல்லத்தூளை ஒரு டப்பாவில் சேர்த்து மூடி வைத்தாள். பேரன் பொங்கலுக்கு வருகிறான்.