ஒரே கணினியில் மூன்று ஒலிக் கலவைகள்

நண்பரோடு இணையம் வழியே இசை பற்றிப் பேச வேண்டும், இடையிடையே நான் ஒலிக்கவிடும் இசைத் துணுக்குகள் அவருக்கும் கேட்க வேண்டும், எல்லாம் பதிவாகவும் வேண்டும். என் லினக்ஸ் கணினியில் இதைச் செய்து முடித்தபோது அடைந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

பல நிரல்களின் ஒலி ஒன்றாகக் கலந்து ஹெட்ஃபோனுக்கு வருவது இன்று தானாகவே நடக்கிறது. பல்ஸ்ஆடியோ என்ற பின்னணி நிரல் பார்த்துவந்த அந்த வேலையை இப்போது பல லினக்ஸ் வெளியீடுகளில் பைப்வயர் என்ற நிரல் பார்க்கிறது. ஃபெடோரா 2021இலேயே அதற்கு மாறிவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தானாகக் கலக்கும் ஒலி என் காதுக்கானது. அதையே அழைப்புச் செயலிக்கு மைக்காகக் கொடுத்தால், நண்பரின் குரல் சற்றுத் தாமதமாக அவருக்கே திரும்பிப் போகும். அதைக் கேட்டுக்கொண்டே யாராலும் பேச முடியாது.

ஆகவே கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கலவை வேண்டும். எனக்கு இசையும் நண்பர் குரலும், அவருக்கு இசையும் என் குரலும், பதிவுக்கு மூன்றும். இதைக் காகிதத்தில் வரைந்துகொண்ட பிறகு பாதி வேலை முடிந்ததுபோல் இருந்தது.

நண்பருக்கான கலவைக்கு மெய்நிகர் மைக் ஒன்றை உருவாக்கினேன். பைப்வயரில் இதற்கு ஒரு கட்டளை போதும். அதை உள்ளீட்டுக் கருவி என்ற வகையிலேயே உருவாக்குவது முக்கியம். வெளியீட்டுக் கருவிக்குப் போகும் ஒலியின் நகலைத் தரும் கண்காணிப்பு முனையைச் சில உலாவிகள் மைக் பட்டியலில் காட்டுவதே இல்லை. பிறகு, பைப்வயரின் ஒலி இணைப்புகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் கியூபிடபிள்யூகிராஃப் (qpwgraph) என்ற நிரலைத் திறந்து, இசை இயக்கியிலிருந்தும் உண்மையான மைக்கிலிருந்தும் அதற்குக் கோடுகள் இழுத்தேன். ஒரே முனைக்கு எத்தனை கோடுகள் வந்தாலும் பைப்வயர் கூட்டிக்கொள்கிறது. கூட்டுவதால் அளவும் ஏறும். இசையை நன்றாகக் குறைத்து வைத்தால்தான் பேச்சு தெளிவாக இருக்கும், உச்சத்தில் ஒலி வெட்டுப்பட்டுச் சிதையாது.

ஸ்பீக்கர் கூடவே கூடாது. எவ்வளவு கவனமாகக் கோடு இழுத்திருந்தாலும், அதிலிருந்து வரும் நண்பரின் குரலை மைக் காற்றிலேயே பிடித்துவிடும்.

இப்படி இணைத்த ஒரு நிரலை மூடித் திறந்தால் அதன் கோடுகள் அறுந்துபோகும். கியூபிடபிள்யூகிராஃபில் இணைப்பு வரைபடத்தைக் கோப்பாகச் சேமித்துச் செயல்படுத்தி வைத்தால், நிரல் திரும்பி வந்ததும் அவை தாமாகவே பொருந்திக்கொள்கின்றன.

பதிவுக்கு மட்டும் முதலில் போட்ட திட்டத்தை மாற்றினேன். மூன்றையும் கலக்காமல் ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு நிரலில் தனித்தனித் தடங்களாகவே எடுக்கிறேன். நண்பர் பேசும்போது நான் இருமினால், என் தடத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம்.