ரியல் மாட்ரிட்டை அதன் வீட்டிலேயே தோற்கடித்த டிவி கம்பெனி அணி

ஹங்கேரி கால்பந்து என்றாலே எல்லாரும் 1950-களின் நட்சத்திரம் புஷ்காஷோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது ஐரோப்பிய கிளப்கள் மோதும் 1984-85 யுஇஎஃப்ஏ கோப்பையில் விடியோட்டன் அணி ஆடிய ஆட்டம். செகெஷ்ஃபெஹேர்வார் நகரத்து கிளப். டிவி, ரேடியோ தயாரிக்கும் தொழிற்சாலையின் பெயரையே வைத்துக்கொண்ட அணி.

பாரிஸில் போய் அந்த ஊர் கிளப் பிஎஸ்ஜிக்கு நாலு கோல் போட்டார்கள். பெல்கிரேடின் பார்ட்டிசானிடம் வெளியூரில் 0-2 தோல்வி, ஆனால் சொந்த ஊரில் 5-0 வெற்றி. காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்டியில் வெளியே அனுப்பினார்கள்.

ஆனால் நெஞ்சு படபடத்தது அரையிறுதியில்தான். முதல் ஆட்டத்தில் சரயேவோ கிளப்பான செல்யெஸ்னிச்சாரை 3-1 என ஜெயித்தாயிற்று. சரயேவோவில் நடந்த மறு ஆட்டத்தில் அவர்கள் 2-0 முன்னிலை. அப்படியே முடிந்திருந்தால் மொத்தம் 3-3; வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற கணக்கில் அவர்களுக்குத்தான் இறுதிப்போட்டி. 87-வது நிமிடம், சுஹாய் ஒரு கோல். அரங்கமே உறைந்திருக்கும். சுஹாய் தடுப்பாட்டக்காரர் வேறு!

இறுதியில் ரியல் மாட்ரிட். சொந்த மண்ணில் 0-3. சரி, கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மே 22, மறு ஆட்டம், மாட்ரிட்டின் சொந்த அரங்கமான பெர்னபேவ். வல்தானோ அடித்த பெனால்டியைத் தடுத்தார் கோல்கீப்பர் திஸ்ட்ல். கடைசி நிமிடங்களில் மாயெர் கோல் போட, 1-0. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-1, கோப்பை என்னவோ மாட்ரிட்டுக்குத்தான்.

புடாபெஸ்ட் கிளப்பான ஃபெரென்ட்ஸ்வாரோஷின் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம். 1965-இல் டூரினில் யுவென்டஸை வென்று நீங்கள் ஃபேர்ஸ் கோப்பை என்ற ஐரோப்பியக் கோப்பையையே தூக்கினீர்கள், தெரியும். இருந்தாலும் என் ஓட்டு விடியோட்டனுக்கே.