அம்மாவும் சின் அரசின் எழுத்தரும்

ஜூலை 4
இரவு அம்மாவுக்கு மறுபடியும் காய்ச்சல். விடியும்வரை ஷீ என்ற பண்டைய சீன எழுத்தரைப் பற்றிப் படித்தேன்.

ஜூலை 5
1975இல் சீனாவின் ஹூபெய் மாகாணத்து ஷுய்ஹுதியில் திறந்த 11ஆம் எண் கல்லறை ஷீயுடையது. சின் அரசில் எழுத்தராக இருந்து வழக்கு விசாரித்தவர். எலும்புக்கூட்டைச் சுற்றி எழுத்துள்ள 1,100க்கும் அதிகமான மூங்கில் பட்டைகள், பெரும்பாலும் சட்டம். உழவு மாட்டின் இடுப்புச் சுற்றளவு ஒரு சுன், அதாவது சுமார் 2.3 செ.மீ., குறைந்தால் பொறுப்பாளனுக்கு 10 பிரம்படி. மழை பெய்தால் எவ்வளவு நிலத்துக்குப் பயன்பட்டது என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். எந்த வேண்டுகோளானாலும் எழுத்தில்தான், வாயால் கேட்கக் கூடாது.

இரவு முழுக்க அந்த மாடுதான் நினைவில். இங்கே ஆஸ்பத்திரியில் அம்மாவின் எடை குறைந்துகொண்டே போகிறது. கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன?

ஜூலை 7
அரை இட்லி சாப்பிட்டார். போதும்.

ஜூலை 8
அதே ஷுய்ஹுதியில் 4ஆம் எண் கல்லறையில் இரண்டு மரப்பலகைகள். கி.மு. 223 வாக்கில் போர்க்களத்திலிருந்து ஹெய்ஃபு, ஜிங் என்ற இரு சகோதரர்கள் ஊரில் இருந்த ஜோங் அண்ணனுக்கு எழுதியவை. முதல் கேள்வியே அம்மா நலமா என்பதுதான். அப்புறம்தான் காசு, துணி. ஜிங் ஐந்நூறு அறுநூறு காசும் நல்ல துணியும் அனுப்பச் சொல்கிறான். ஒருவரிடம் வாங்கிய கடனைச் செலவழித்துவிட்டானாம், வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தேன் என்கிறான். கடைசியில் அவசரம், அவசரம், அவசரம் என்று மூன்று முறை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

ஜூலை 10
சின் என்றாலே கொடுமை என்று சொல்லிவிட்டுப் போகிறோம். சாங்பிங் போரில் எதிரி நாடான ஜாவின் வீரர்கள் நாலு லட்சம் பேர் மாண்டதாகப் பழைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஷீயின் கல்லறையில் இன்னொரு கட்டும் இருந்தது. ஆண்டுக்கு ஒரு வரி, கி.மு. 306 முதல் 217 வரை. கி.மு. 262: படையெடுப்பு, அதே வரியில் சேவல் கூவும் நேரத்தில் ஷீ பிறந்தான் என்று. 260: சாங்பிங் தாக்கப்பட்டது, தம்பி கான் பிறந்தான். போரும் பிள்ளைப்பேறும் ஒரே வரியில். நடுவில் ஒரு "ஆனால்" கூட இல்லை. இதில் எனக்குக் கோபம் வருகிறது, அந்த மனிதனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது.

ஜூலை 11
ஸ்கேன் நாளைக்குத் தள்ளிப்போனது.

ஜூலை 12
ஷீயின் அதே கட்டில்: கி.மு. 231இல் அப்பா இறந்தார். 229இல் மகன் பிறந்தான். 227, ஏழாம் மாதம்: அம்மா இறந்தார். தேதி உண்டு, வேறொன்றும் இல்லை. என்ன நோய், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் எழுதவில்லை. வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தானோ? மழைக்குக் கணக்குக் கேட்ட அரசு, இவனுக்கு எத்தனை நாள் விடுப்பு கொடுத்தது?

இன்று இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 13
காய்ச்சல் இல்லை! அம்மாவே எழுந்து உட்கார்ந்து, "அந்தப் பசங்களுக்குத் துணி போய்ச் சேர்ந்துதா?" என்றார். கடிதம் வீடு வந்து சேர்ந்திருக்கிறது, பதில் பலகை கிடைக்கவில்லை என்றேன். "அனுப்பாம இருந்திருக்க மாட்டா" என்றார்.

ஜூலை 14
பெரிய டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அக்கா கிளம்பிவிட்டாள். மீதி இரவில்.